உன் அப்பா அழித்த நட்சத்திரம்

மகனே,

நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. வந்த அன்றைக்கே அதைக் கெடுத்தோம், பிறகு நாங்களே சரிசெய்தோம். இரண்டையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். கடிதம் நீளும். நின்றுகொண்டு படிக்காதே, வேலை முடித்து, வயிறாரச் சாப்பிட்டு, கால் நீட்டி உட்கார்ந்து படி. உன் கடிதத்தின் கடைசியில், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதியதுபோல் சின்ன எழுத்தில் ஒன்று கேட்டிருந்தாய். வரும் வருஷம் விடுப்புக் கிடைக்கும், ஊருக்கு வந்தால் அப்பா என்னோடு பேசுவாரா என்று. ஒரே வார்த்தையில் பதில் எழுதிவிடலாம்தான். ஆனால் நீ கப்பலேறிய நாளிலிருந்து உன் அப்பாவைக் கோபக்காரர் என்ற ஒரே வார்த்தையில் முடித்து வைத்திருக்கிறாய். நானும் அப்படிச் செய்ய மாட்டேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பதில் தானாக வரும்.

முதலில் அந்தப் பெண்ணின் படம். அதிலிருந்துதானே எல்லாம் தொடங்கியது. ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் தன் மகளுக்கு வரன் பார்ப்பதற்காகப் படம் எடுக்க நம் கடைக்குக் கூட்டிவந்தார். அம்மை வார்த்த முகம். உன் அப்பா நெகட்டிவைச் சாய்மேசையில் வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் ஒவ்வொரு தழும்பாக நிரப்பி மறைத்தார். அந்த டச்சிங் வேலையில் இந்தப் பினாங்கில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பதை நீயே ஒப்புக்கொள்வாய். தைப்பிங்கிலிருந்த மாப்பிள்ளை வீட்டார் படத்தைப் பார்த்துச் சரி என்றார்கள். நேரில் வந்து பெண்ணைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார்கள். பெண்ணின் அப்பா மறுநாள் கடைக்கு வந்தார். ஏசவில்லை. படத்தை மேசைமேல் வைத்து, "இது யாருங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அன்று மத்தியானம் சோற்றின் முன்னால் உட்கார்ந்து நீ உன் அப்பாவிடம், "நீங்க எடுக்கறது படம் இல்லப்பா, பொய்" என்றாய். அவர், "மூஞ்சில இருக்கறதெல்லாம் மூஞ்சி இல்லடா" என்றார். நீ சிரித்தாய். உன் பேச்சை அவர் என்றைக்கோ மறந்துவிட்டார், சிரிப்பை மறக்கவில்லை.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று உனக்குத் தெரியாது. உனக்கு ஓர் அத்தை இருந்தார். நீ பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். சின்ன வயதில் அம்மை கண்டு, ஒரு கண் ஓரத்திலிருந்து தாடைவரை குழி குழியாகப் போன முகம். பெண் கேட்டு ஒருவரும் படியேறவில்லை. கன்னியர் மடத்தில் துணி வெளுத்தும் தைத்தும் காலத்தைத் தள்ளினார். உன் அப்பா தொழில் கற்றுக்கொண்டு முதன்முதலாகத் தனியாக எடுத்த படம் அவருடையதுதான். ஒரு தழும்புகூட இல்லாமல் செய்து கொண்டுபோய்க் கொடுத்தாராம். "அக்கா படத்தை விரலால தடவித் தடவிப் பாத்துச்சு. அப்புறம், தம்பி, நான் இப்படித்தான்டா இருந்தேன்னு சொன்னுச்சு." இதை உன் அப்பா என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை, அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. அந்தப் படத்தைச் செபப்புத்தகத்துக்குள் வைத்திருந்து, கடைசியில் தன்னோடு அடக்கம் செய்யச் சொல்லிவிட்டார் உன் அத்தை. இதனால் அந்த ரயில்வேக்காரர் மகளுக்கு நடந்தது சரியாகிவிடாது. அவளுக்குப் பிறகு கல்யாணமாகி இப்போது ஆயர் ஈத்தாமில் இருக்கிறாள். பாசாரில் மீன் வாங்கும்போது பார்த்தால் என்னோடு நின்று பேசுவாள். உன் அப்பாவைப் பார்த்தால் குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விடுவாள். அவளிடம் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நீ சொன்னதும் நிஜம், அவர் சொன்னதும் நிஜம், ஒரே வீட்டில் இரண்டு நிஜங்களுக்கு இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு நீ டச்சிங் மேசைப் பக்கம் போகவில்லை. பள்ளிக்கூடத்துப் பிரதர் எழுதிக் கொடுத்த கடிதத்தால் எகிப்து நாட்டு வானாய்வுக்கூடத்தில் உனக்கு வேலை கிடைத்தது. படம் பிடித்த கண்ணாடித் தட்டுகளை இருட்டறையில் கழுவித் துலக்கும் வேலை. "பிளேட்டு கழுவறதுக்கு எகிப்து வரைக்கும் போகணுமா? இங்க தொட்டி காலியாத்தான கிடக்கு" என்று உன் அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். கப்பலேறுகிற யாரும் நம் கடையில் படம் எடுத்துக்கொண்டு போவது வழக்கம். ஒரு பிரதி போகிறவருக்கு, ஒரு பிரதி இருக்கிறவர்களுக்கு. நீயும் கோட்டு மாட்டிக்கொண்டு, மலையும் ஓடையும் வரைந்த திரைக்கு முன்னால் போய் நின்றாய். உச்சி வெயில் மாடிக் கண்ணாடிக் கூரை வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. உன் அப்பா கருப்புத் துணிக்குள் தலையை விட்டார், வெளியே எடுத்தார், "வெளிச்சம் சரியில்ல" என்று சொல்லி இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நீ கொஞ்ச நேரம் அந்தத் திரைக்கு முன்னாலேயே நின்றிருந்தாய். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு கப்பல் ஜெட்டிக்கு வந்தாய்.

அது கோபம் என்று நீ நினைத்தாய். கோபமும் இருந்தது, உன் அப்பா ஒன்றும் வானத்துச் சம்மனசு இல்லை. ஆனால் அன்று மாலை நான் கத்தித் தீர்த்த பிறகு அவர் சொன்னதைக் கேள். "இருக்கறவங்க கையில குடுத்த பிரதியத்தான் திரும்ப எடுத்துட்டு வர்றாங்க. பெரிசு பண்ணிக் குடுங்க, கருப்பு பார்டர் போட்டுக் குடுங்கன்னு. கப்பல்ல போனவன், தோட்டத்துக் காய்ச்சல்ல போனவன், எல்லாம் நான் புடிச்ச மூஞ்சி. இவனையும் புடிச்சு நான் வெச்சுக்கணுமா?" இதை அப்போதே உனக்கு எழுதியிருக்கலாம். எழுத வேண்டாம் என்று அவர் சொன்னார், நானும் உங்கள் இரண்டு பேர்மேலும் இருந்த எரிச்சலில் எழுதாமல் விட்டேன். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துவதைவிட நாலு வார்த்தை பேசுவது சுலபம் என்று உங்கள் வம்சத்தில் யாருக்கும் தெரியாது. உனக்குப் பெண்டாட்டி என்று ஒருத்தி வரும்போது அவளுக்காவது இந்தக் கஷ்டத்தைக் கொடுக்காதே.

இப்போது உன் பார்சலுக்கு வருகிறேன். அது வந்தபோது நான் பாசாரில் இருந்தேன். உன் அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். "கட்டத் தெரியுதா பாரு இவனுக்கு, ஓரத்துல வைக்கோலே வைக்கல" என்று நீ கட்டிய கட்டுக்கு ஒரு வசை. சீமையிலிருந்து நம் கடைக்குக் கப்பலில் வந்து இறங்கிய கண்ணாடித் தட்டுப் பெட்டிகளில் இதுவரை ஒன்றுகூட உடைந்ததில்லை என்று அவர் அடிக்கும் தம்பட்டம் உனக்குத் தெரியுமே, அதையும் ஒரு தரம் அடித்திருக்கிறார். கடிதம் என் பெயருக்கு இருந்ததால் அதைப் பிரிக்காமல் அரிசி டின்மேல் வைத்துவிட்டார். படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போயிருக்கிறார்.

நான் திரும்பி வரும்போது கடை வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள். கண்ணாடி ஷோகேசில் ஒரு பணக்காரச் சீனத் தவுக்கே வீட்டுக் கல்யாணப் படம் இருந்ததே, அதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் உன் படம். சுற்றிலும் இருட்டு, பொடிப்பொடியாக நட்சத்திரங்கள், நடுவில் புகையால் செய்ததுபோல் ஒரு வளையம். பள்ளிவாசல் பக்கமிருந்து காவடித் தண்டில் சோறும் குழம்பும் சுமந்து வருகிற நாசி கண்டார் பாய் சுமையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்து, வாசலில் நின்ற உன் அப்பாவிடம் கேட்டார்.

"என்னண்ணே இது, உளுந்து வடைய இருட்டுல வெச்சுப் புடிச்சிருக்கீங்க?"

"வடையா? வானத்துல இருக்கறதுலா. என் மகன் புடிச்சது."

"வானத்துலயா! ஏணி வெச்சா?"

"கொழாய் வெச்சு. எகிப்துல. மூணு ஆள் உசரக் கொழாய்."

நீ பிடித்தது என்பதும் தொலைநோக்கிக் குழாயின் உயரமும் அவர் சொந்தக் கற்பனை. கடிதம்தான் இன்னும் பிரிக்கவில்லையே. ஆனால் "என் மகன்" என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டது நீ போனபின் அதுதான் முதல் தடவை. மீன் கூடையோடு நான் அங்கேயே நின்றுவிட்டேன். மீன் நாறிக்கொண்டிருந்தது, நான் அழுதுகொண்டிருந்தேன். என்ன பெண்பிள்ளை இவள் என்று பாய் நினைத்திருப்பார்.

சாப்பிட்டு முடித்ததும் கடிதத்தைப் பிரித்தேன். "கண்ணாடிய எங்கயோ வெச்சுட்டேன், நீயே படி" என்றார். கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அப்போது அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. நீ எழுதியிருந்ததை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். இதற்குக் கிரக நெபுலா என்று பெயர், பழைய காலத்துச் சின்னக் குழாய்களில் கிரகம்போல் உருண்டையாகத் தெரிந்ததால் அப்படி வைத்துவிட்டார்கள், கிரகத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றிருந்தாய். பெரிய சுளகு அகலத்துக்கு ஒரு வளைந்த கண்ணாடி வெளிச்சத்தைத் திரட்டிக் கொடுக்கிறது, வானம் நகர நகரக் குழாயும் கூடவே நகர்கிறது, ஆனாலும் இயந்திரத்தை நம்பிவிட முடியாது, பக்கத்து நட்சத்திரம் ஒன்றைப் பார்வைக் கண்ணாடியில் கட்டிய சிலந்தி நூல்மேல் நிறுத்தி, அது மயிரிழை விலகினாலும் திருகித் திருகித் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றிருந்தாய். தட்டு கழுவப் போன உன்னைக் குழாயருகே உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். முதல் நாள் காற்றில் கெட்டுப்போனது, மறுநாள் உன் கண் அசந்ததில் கெட்டுப்போனது, அதற்கு அடுத்த நாள்தான் படம் விழுந்தது என்று படித்தபோது உன் அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "டெவலப்பர் மருந்தை என்ன சூட்டுல வெச்சானாம்? பாலைவனமாச்சே, ஐஸ் கிடைக்குதாமா? கேளு" என்றார். கடிதத்தை என்னவென்று கேட்பது?

பிறகு அந்த இடம் வந்தது. நீ எழுதியதை அப்படியே திருப்பி எழுதுகிறேன். "வளையத்துக்கு நடுவில் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறதே, அதைப் பாருங்கள் அம்மா. அதற்காகத்தான் அத்தனை பாடும். அது ஒரு நட்சத்திரம். சுற்றியுள்ள புகையெல்லாம் அது தன்னிடமிருந்து ஊதித் தள்ளியது என்று சிலர் நினைக்கிறார்கள், இன்னும் முடிவாகவில்லை. இவ்வளவு பெரிய குழாயில் கண்ணை வைத்துப் பார்த்தாலும் அது பிடிபடுவது கஷ்டம். நீல வெளிச்சம், அதனால் தட்டு மட்டும் சுலபமாகப் பிடித்துக்கொள்கிறது. அப்பாவிடம் நீலப் புடவை என்று சொல்லுங்கள், அவருக்கு உடனே புரியும்."

எனக்கே புரிந்துவிட்டது. நம் தட்டுகளுக்கு நீலமும் வெள்ளையும் ஒன்றுதானே. புதுக் கல்யாணப் பெண் ஒருத்தி நீலப் பட்டு கட்டிவந்து, படத்தில் வெள்ளைப் புடவையோடு நின்று, அவள் மாமியார் "எம் மவன் குத்துக்கல்லாட்டம் நிக்கறப்பவே இவளை முண்டச்சி ஆக்கிட்டியே பாவி" என்று கடை அதிர மண்ணை வாரித் தூற்றியது உனக்கும் நினைவிருக்குமே! அத்தனை பிரதிகளிலும் நான்தான் உட்கார்ந்து அந்தப் புடவைக்கு நீலம் தீட்டினேன். அதை நினைத்து நான் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். உன் அப்பா சிரிக்கவில்லை.

"புள்ளியா? நடுவுலயா?" என்றார்.

"ஆமாங்க. நட்சத்திரமாம்."

"நான் அதைத் தூசின்னு நினைச்சு அடைச்சுட்டேன்."

அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது, மகனே. படத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால், நெகட்டிவில் தூசி உட்கார்ந்த இடம் என்று சாயம் தொட்டு அடைப்பதுதானே தொழில்? வெளியே சிதறிக் கிடந்ததை எல்லாம் நட்சத்திரம் என்று விட்டுவிட்டார். வளையம் என்றால் நடுவே ஒன்றும் இருக்காது, நம் மகன் அவசரத்தில் தட்டைத் துடைக்காமல் விட்டிருக்கிறான், நாலு பேர் பார்க்கும்போது அவனுக்குக் குறைச்சலாகிவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு மேலாக உனக்கு ஒரு வரி எழுதாத மனிதர், உன் படத்தைக் கையில் வாங்கியதும் உனக்காகச் செய்த முதல் காரியம் அது. நீ எதற்காகக் கண் விழித்தாயோ அதைத் தேடிப்பிடித்து அழித்ததுபோல் ஆகிவிட்டது.

விறுவிறுவென்று கீழே போய்ப் படத்தை எடுத்துவந்தார். பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். மேசைமேல் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். பஞ்சு வைத்திருந்த கை வளையத்தின் இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் வந்தது, எங்கும் தொடவில்லை.

"நீ பண்ணு" என்றார்.

"நானா? டச்சிங் உங்க வேலையாச்சே."

"எந்த இடம்னு எனக்குத் தெரியல."

"கண்ணாடி உங்க பையிலதான இருக்கு, மாட்டிக்கிட்டுப் பாருங்க."

"மாட்டினாலும் இதேதான். வெள்ளையா இருந்தா லென்ஸ் வெச்சுத் தேடி எடுத்துடறேன். அடைச்ச இடத்தைக் கண்டுபிடிக்க முடியல."

கொஞ்ச காலமாக நம் கடைப் படங்களில் எல்லாரும் மெழுகுப் பொம்மைபோல் வழவழவென்று இருந்தார்கள். கிழவிக்குக்கூடக் கன்னத்தில் கோடு கிடையாது. வாடிக்கைக்காரர்களுக்கு அதில் மகிழ்ச்சிதான். உன் அப்பாவுக்குச் சோம்பல் வந்துவிட்டது, பார்த்துச் செய்யாமல் பூசி மெழுகுகிறார் என்று நான் ஏசிக்கொண்டிருந்தேன். பார்க்க முடியாமல்தான் பூசியிருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கூடவே இருக்கிறவளுக்கே தெரியவில்லை. அழுதால் அவருக்குப் பிடிக்காது என்பதால் பஞ்சை வாங்கிக்கொண்டேன். சாயம் அன்று காலை வைத்ததுதான், முழுக்க ஊறியிருக்கவில்லை. ஒற்றி ஒற்றி எடுத்தேன். தாளின் மேல்தோல் பெயர்ந்துவிடுமோ என்று ஒவ்வொரு தடவையும் மாதாவுக்கு ஒரு பிரியதத்த மந்திரம் சொன்னேன். கடைசியில் வந்தது. முன்போலப் பளிச்சென்று இல்லை, கொஞ்சம் சாம்பல் ஏறியிருக்கிறது. ஆனால் இருக்கிறது. "வந்துருச்சா?" என்று கேட்டார். "வந்துருச்சு" என்றேன். மாடிக் கூரையடியில் வெயிலுக்குக் கொண்டுபோய், லென்ஸை வைத்து, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து வெகுநேரம் தேடினார். கண்டுபிடித்துவிட்டார் என்பது அவர் தோள் இறங்கியதில் தெரிந்தது. "இம்புட்டுக்குத்தானா மூணு நாள் உக்காந்தான்" என்றார். குரலில் கேலி இருந்தது. பெருமையும் இருந்தது.

மறுவாரம் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் மெல்லப் படர்கிறது, இடது கண்ணில் ஏறக்குறைய முற்றிவிட்டது. முழுக்க முற்றியபின் வெட்டி எடுப்பார்களாம். வரும் வருஷம் பாஸ்காத் திருநாள் முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார். நன்றாக அமைந்தால் தடித்த கண்ணாடி போட்டு ஆள் முகம் பார்க்கலாம், நடமாடலாம், பென்சில் வேலை மட்டும் இனி முடியாது. அமையாமல் போனால் அந்தக் கண் போனதுதான், அதையும் டாக்டர் ஒளிக்கவில்லை. திரும்பும் வழியில் ரிக்‌ஷாவில் உன் அப்பா என்னிடம் வாக்குக் கேட்டார். "அவனுக்கு எழுதாத. அப்பன் குருடாயிட்டான்னு பரிதாபப்பட்டு வர்றதுக்கு, வராமலே இருக்கட்டும்." நான் வாக்குக் கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை, கடைத்தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்துகொண்டேன். உனக்கு எப்படி எழுதாமல் இருப்பது என்று ஒரு மாதமாக எனக்கு உறக்கம் சரியில்லை.

அம்மா புத்தி சொல்லாமல் கடிதத்தை முடிக்க மாட்டாள் என்று நீ எதிர்பார்த்திருப்பாய், ஏமாற்றுவானேன். அங்கே உன்னிடமும் ஒருநாள் படங்களைக் கொடுத்து, அச்சுக்குப் போகிறது, சுத்தம் செய்து கொடு என்பார்கள். தூசியா நட்சத்திரமா என்று சந்தேகம் வந்தால் கையைக் கட்டிக்கொள், இன்னொரு தட்டு எடுத்துப் பார். மனிதர்கள் விஷயத்தில் இன்னொரு தட்டு எடுக்க முடியாது, அதனால் இன்னும் அதிகமாகப் பொறுத்திரு. உன் அப்பா வாழ்நாளெல்லாம் பிறர் முகத்துக் குறையை மூடியவர். அதில் ஒரு பெண்ணுக்குக் கெடுதல் செய்தார், இன்னும் எத்தனையோ பேருக்கு மனசு நிறையச் செய்தார். நீ ஒன்றை மட்டும் எண்ணிக்கொண்டு போய்விட்டாய். உன்னைக் கண்டிக்கவில்லை, இள ரத்தம் அப்படித்தான். ஆனால் இப்போது உனக்கும் மீசை முறுக்கும் வயது. இன்னொன்று, பாலைவனத்தில் இரவில் குளிரும் என்று எழுதியிருந்தாய். நான் அனுப்பிய கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்துப் பூசை செய்யாதே, போட்டுக்கொள்.

அப்பாவின் படம் ஒன்று வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். ஊரையே படம் பிடித்தவருக்கு ஒரு படம் கிடையாது, தெரியுமா? கேட்டால் முடியாது என்றுதான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். யோசித்தார். "வெளிச்சம் நல்லா இருக்கறப்ப எடுத்துடு" என்றார். போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அதே மலையும் ஓடையும் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கருப்புத் துணிக்குள் நான் புகுந்தது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்தார். "ஆடாதீங்க" என்று நான் அதட்ட, அவர் சிறுபிள்ளைபோல் அடங்கி உட்கார்ந்திருந்தார். தட்டைக் கழுவியது அவர். அதற்குக் கண் வேண்டாம், கை போதும்.

தட்டு காய்ந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். நெற்றிக் கோடுகள், தொங்கிய கன்னம், எல்லாம் விழுந்திருந்தன. இடது கண் பாவைக்கு நடுவில் தெளிவாக ஒரு கரும்புள்ளி, தாளில் வெள்ளையாக விழும். வீட்டு வெளிச்சத்தில் நான் ஒரு நாளும் அதைக் கவனித்ததில்லை. புரையில் லேசாக நீலம் ஓடியிருக்கிறது போலும், தட்டு விடாமல் பிடித்துவிட்டது. இந்தப் படம் உனக்கு வந்தால் கேட்காமலே தெரிந்துவிடும், அவர் பேச்சை மீறியதாகும் என்று பயந்து, டச்சிங் கத்தியை எடுத்தேன். சுரண்டினால் போய்விடும், எனக்கும் அவ்வளவு கைப்பழக்கம் உண்டு. கத்தி தட்டில் பட்ட சத்தத்துக்கே அவர் திரும்பிவிட்டார்.

"என்ன பண்றே?"

"கண்ணுல ஒரு வெள்ளை விழுந்திருக்குங்க."

"எங்க, நடுவுலயா?"

"ஆமா."

கீழே தெருவில் பாய் போகும் சத்தம் கேட்டது. பிறகு, "விடு. இருக்கறது இருக்கட்டும். அப்படியே அனுப்பு" என்றார்.

அந்தப் படம் இதனுள் இருக்கிறது. நம் கடையிலிருந்து டச்சிங் செய்யாமல் வெளியே போகும் முதல் படம் அதுதான். கையில் எடுத்ததும் நீ அழுவாய், தெரியும். அழு, ஆனால் படத்தில் கண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். நேற்று உறையில் விலாசம் எழுதும்போது உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று, உனக்கு ஒன்று எழுதச் சொன்னார். உன் நட்சத்திரத்தைக் காகிதத்தில் வேண்டாம், கண்ணாடியில் ஒரு பிரதி எடுக்கச் சொன்னார். வெயிலுக்கு எதிரே பிடித்தால் அவர் கண்ணுக்கு இன்னும் நன்றாகத் தெரியுமாம். கண்ணை வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை சரியாகப் பார்த்துவிட வேண்டுமாம். "சரி, தபால்ல அனுப்பச் சொல்றேன்" என்றேன்.

"தபால்ல வேணாம்னு எழுது" என்றார். "கண்ணாடி, உடைஞ்சிடும்."

சீமையிலிருந்து இத்தனை பெட்டிகள் கப்பலில் வந்து இறங்கியும் ஒரு தட்டுகூட உடைந்ததில்லை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறவர், மகனே, இதைச் சொன்னார்.

உன் அம்மா